கடைசி வருட டிப்ளமோ மாணவருக்குத் துணை நிற்பது எப்படி: அரியர் முதல் ஆர்டர் வரை

பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்ட ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ உதவ நினைக்கிறீர்கள். நீங்கள் அதே கல்லூரியில் படித்து வேலைக்குப் போனவராக இருக்கலாம், புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளராக இருக்கலாம், வீட்டில் மூத்தவராக இருக்கலாம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு டிப்ளமோவை, அதிலும் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பிரிவுகளை வைத்துச் சொல்கிறேன். மற்ற பிரிவுகளுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

உதவி என்றதும் பலர் நேராக ரெஸ்யூமேயில் போய் நிற்கிறார்கள். ஆனால் கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் முதலில் கேட்பது, "ஸ்டாண்டிங் அரியர் இருக்கா?" என்பதைத்தான், அதாவது இன்னும் பாஸாகாமல் பாக்கி நிற்கும் பாடம். இருந்தால் பல இடங்களில் இன்டர்வியூ வாசலையே மிதிக்க முடியாது. அதனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அரியர், அடுத்து காகிதங்கள், பிறகு எந்த வழி என்ற முடிவு, அதற்கப்புறம்தான் ரெஸ்யூமே.

படி 1: அரியர் கணக்கை ஜூலையிலேயே எடுங்கள்

தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் போர்டு தேர்வுகள் வருடத்துக்கு இரண்டு முறை, அக்டோபரையும் ஏப்ரலையும் ஒட்டி வருகின்றன. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது ஒரு மாணவருக்கு முதல் வருட கணிதம் பாக்கி இருந்தால், படிப்பு முடிவதற்குள் அதை எழுத இரண்டே வாய்ப்புதான் மிச்சம். அந்த இரண்டிலும் அந்தந்த செமஸ்டர் பாடங்களும் கூடவே இருக்கும். ஜனவரியில் விழித்துக்கொண்டால் ஒரே வாய்ப்பு.

"எத்தனை அரியர்?" என்று வாயால் கேட்காதீர்கள். "ரெண்டுதாண்ணா" என்று பதில் வரும், அது நான்காக இருக்கும். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை, வெட்கம். அப்பா அம்மா எதிரில் கேட்கவே கூடாது. தனியாக உட்கார்ந்து, எல்லா செமஸ்டர் ரிசல்ட்டையும் அடுக்கி வைத்து, ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: பாடம், பாடக் குறியீடு, எந்த செமஸ்டர், எத்தனை தடவை எழுதினார், கடைசியாக எவ்வளவு மார்க்.

அந்தக் கடைசி இரண்டு விவரங்களில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு தடவை எழுதி 34 வாங்கியவருக்குக் கொஞ்சம் பயிற்சி போதும். மூன்று தடவை எழுதியும் பத்தைத் தாண்டாதவருக்கு அடிப்படையே பிடிபடவில்லை, அவரோடு உட்கார ஆள் வேண்டும். பக்கத்தில் "வரவில்லை" என்று இருந்தால் காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும். சில நேரம் தேர்வுக் கட்டணம் கட்டக் கையில் பணம் இருந்திருக்காது. இந்தக் கடைசிக் காரணம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

பாடக் குறியீட்டை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாடத்திட்டம் மாறும்போது பழைய பாடத்துக்கு இணையான புதுப் பாடம் எது என்று பட்டியல் வரும். எதை எழுத வேண்டும் என்று கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேட்டு உறுதி செய்துகொண்டு கட்டணம் கட்டுங்கள். கட்டணத்தின் கடைசித் தேதியை உங்கள் போனிலும் அலாரமாக வையுங்கள்.

பணத் தட்டுப்பாடு இருந்தால், அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறதா என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. டிப்ளமோ மாணவர்களுக்கும் இரண்டும் உண்டு. தகுதி இருந்தும், வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாததால் பணம் வராமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 2: விடைத்தாள் நகலை வாங்கி, கூட உட்கார்ந்து பாருங்கள்

இதைச் செய்பவர்கள் குறைவு, பலனோ அதிகம். ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கக் கொஞ்ச நாள் அவகாசம் தருவார்கள். மறுமதிப்பீட்டுக்கு முந்தைய கட்டமாகத்தான் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். நான் அதைப் பாடம் நடத்துவதற்காகவே வாங்கச் சொல்வேன்.

ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பீம் கணக்கு. மாணவர் இரண்டு பக்கத்து ரியாக்‌ஷனையும் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். ஷியர் ஃபோர்ஸ் மதிப்புகளும் சரி. ஆனால் படத்தை ஸ்கேல் வைத்துப் போடவில்லை, பிளஸ் மைனஸ் குறிக்கவில்லை, பெண்டிங் மொமென்ட் எங்கே அதிகபட்சம் என்று எழுதாமலே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். முக்கால் கணக்கைப் போட்டவருக்குப் பாதி மார்க்கூட வரவில்லை. "எனக்கு இந்த சப்ஜெக்டே வராது சார்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அவ்வளவும் பொய் என்று அந்தத் தாளே அவருக்குச் சொல்லிவிடும். நீங்கள் கொடுக்கும் எந்த ஊக்கப் பேச்சும் அந்த வேலையைச் செய்யாது.

அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மணி நேரம், பழைய கேள்வித்தாளை வைத்து எழுத வையுங்கள். விளக்கிக்கொண்டே இருக்காதீர்கள், அவர் பேனா ஓட வேண்டும். தமிழ் வழியில் பத்தாவது வரை படித்தவருக்குக் கேள்வியில் உள்ள டிரைவ், டிஸ்டிங்விஷ், ஜஸ்டிஃபை போன்றவை எதைக் கேட்கின்றன என்று ஒரு நாள் உட்கார்ந்து தமிழில் சொல்லிவிடுங்கள். நான்கு அரியர் இருந்தால், 34 வாங்கிய பாடத்தை அக்டோபரில் முதலில் முடிக்க வேண்டும். ஒன்று பாஸானதும் மற்றவற்றுக்குத் தானாகவே உட்காருவார்.

படி 3: காகிதங்களை டிசம்பருக்குள் சரி செய்யுங்கள்

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், வங்கிப் பாஸ்புக், கல்லூரிப் பதிவு இந்த நான்கையும் மேஜையில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். இனிஷியல் ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். பிறந்த தேதியையும் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துவதுதான் சுலபம். வேலையில் சேரும் வாரத்தில் இதற்காக இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்பது பெரிய அவஸ்தை.

சாதிச் சான்று, வருமானச் சான்று, நல்ல ஸ்கேன் பிரதிகள், அடிக்கடி மாறாத ஒரு போன் நம்பர். ஒழுங்கான பெயரில் ஒரு மின்னஞ்சல், அதன் பாஸ்வேர்டு அவருக்கே ஞாபகம் இருக்கும்படி. அவ்வளவுதான்.

படி 4: எந்த வழி என்று வீட்டோடு சேர்ந்து முடிவெடுங்கள்

மூன்று வழிகள் இருக்கின்றன. நேரடி வேலை, அப்ரன்டிஸ் (உதவித்தொகையோடு தொழிற்சாலையில் பயிற்சி), பி.இ. லேட்டரல் என்ட்ரி. மாணவர் ஒன்றை நினைத்திருப்பார், வீட்டில் இன்னொன்றை நினைத்திருப்பார்கள், இருவரும் பேசியிருக்க மாட்டார்கள்.

அப்ரன்டிஸ் பற்றித்தான் தெளிவு ரொம்பக் குறைவு. 1961-ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டத்தில் 1973-ல் கொண்டுவந்த திருத்தத்தால் டிப்ளமோ முடித்தவர்களும் சேர்ந்தார்கள். தென் மாநிலங்களுக்கான தொழிற்பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அப்ரன்டிஸ் பதிவுக்கான மத்திய அரசின் நேட்ஸ் இணையதளத்தில் (போர்ட்டல்) மாணவரே பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும். பயிற்சி ஒரு வருடம். 2019-ல் திருத்திய விதிகள் டிப்ளமோக்காரருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 8000 ரூபாய் என்று வைத்தன. இதில் பாதியை அரசு ஏற்கிறது. ஒப்பந்தம் போடும் நாளில் நடப்புத் தொகை எவ்வளவு என்று போர்ட்டலில் பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் இந்த வாரியம் வழியாக ஆள் எடுக்கும்போது மார்க் அடிப்படையில்தான் பட்டியல் வரும். அதனால் சதவீதத்துக்கு இங்கே நேரடி மதிப்பு உண்டு.

இரண்டு விஷயங்களை மாணவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். அப்ரன்டிஸ் முடித்தால் அதே நிறுவனம் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. இந்த வாய்ப்பு ஒரு தடவைதான், ஏற்கெனவே ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டாலும் கதவு மூடிவிடும். ஆகவே பக்கத்து ஊர்ப் பட்டறையில் பெயருக்கு ஒரு வருடத்தை ஓட்டுவதற்கு இதைச் செலவழிக்கக் கூடாது. நல்ல தொழிற்சாலையில், நல்ல மெஷின்கள் இருக்கும் இடத்தில் கிடைத்தால், கையில் வரும் பணம் குறைவாக இருந்தாலும் போகலாம் என்பது என் கருத்து. முடிவில் கிடைக்கும் சான்றிதழோடு அடுத்த இடத்துக்குப் போகும்போது அவரை யாரும் கத்துக்குட்டியாகப் பார்க்க மாட்டார்கள்.

லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அதற்குத் தனிக் கலந்தாய்வு உண்டு. டிப்ளமோவில் வந்தவர்களைத் திணற வைப்பது அங்கே உள்ள கணிதம். முதல் வருட பி.இ. கணிதத்தைப் படிக்காமலே நேராக அடுத்ததில் குதிக்கிறார்கள். ஆசை இருந்தால் மே, ஜூன் விடுமுறையில் கால்குலஸை ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு உடனே வருமானம் தேவை என்றால், வேலையில் சேர்ந்துவிட்டுப் பகுதிநேர பி.இ. படிக்கும் வழியும் இருக்கிறது. கோயம்புத்தூர் பக்கத்தில் பல வருடங்களாக இப்படிப் படித்து முன்னேறியவர்கள் நிறைய.

அரசு வேலை ஆசை இருப்பவருக்கு ரயில்வேயின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வும் மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி.யின் ஜூனியர் இன்ஜினியர் தேர்வும் டிப்ளமோ தகுதிக்கே திறந்திருக்கின்றன. இஸ்ரோவின் டெக்னிக்கல் அசிஸ்டன்ட் பணிக்கு முதல் வகுப்பு கேட்பார்கள். வேலை பார்த்துக்கொண்டே இவற்றுக்குப் படிக்கலாம். வீட்டில் சும்மா உட்கார்ந்து காத்திருக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

படி 5: ரெஸ்யூமே ஒரு பக்கம், கையில் ஒரு வெர்னியர்

"சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபட விரும்புகிறேன்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கை என்ன செய்யும் என்று எழுத வையுங்கள்: "லேத்தில் ஃபேசிங், டர்னிங், த்ரெட் கட்டிங் செய்வேன். வெர்னியரிலும் மைக்ரோமீட்டரிலும் அளவெடுப்பேன். ஆட்டோகேடில் பார்ட் டிராயிங் போடுவேன்." தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் ஏதாவது கோர்ஸ் முடித்திருந்தால் பெயரோடு சேருங்கள். செய்யாத எதையும் எழுதவே கூடாது. புராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கியிருந்தால், முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். குறைந்தது ஒரு பாகத்தையாவது அவரே செய்திருக்கும்படி ஐந்தாம் செமஸ்டரிலேயே பேசிவிடுங்கள்.

மாக் இன்டர்வியூ என்று டை கட்டி உட்கார வைக்க வேண்டியதில்லை. லேபிலிருந்து ஒரு வெர்னியரை வாங்கி, ஒரு போல்ட்டைக் கொடுத்து, "அளந்து சொல்லு" என்று கேளுங்கள். லீஸ்ட் கவுன்ட் (கருவி அளக்கும் மிகச் சிறிய அளவு) 0.02 மில்லிமீட்டர் என்று ஒப்பிக்கத் தெரிந்தவர் பலர், ரீடிங்கைச் சரியாகச் சொல்பவர் சிலர்தான். அளக்கும் முன் ஜீரோ எரர் (மூடியிருக்கும்போது கருவி பூஜ்ஜியம் காட்டாத பிழை) பார்த்தாரா என்பதைத் தொழிற்சாலைக்காரர்கள் கவனிப்பார்கள். எலெக்ட்ரிக்கல் என்றால், மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எதற்கு என்று கேளுங்கள். தொடக்க மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்பதோடு, டார்க்கும் (மோட்டாரின் சுழற்றும் திறன்) அதே அளவு குறையும் என்று சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பதில் தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தால் பரவாயில்லை. தெரியாததை "தெரியாது சார்" என்று சொல்லவும் பழக்குங்கள்.

கேம்பஸில் கிடைக்கவில்லையா? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்கு அனுப்புங்கள். பதிவுக் கட்டணம் கேட்கும் கன்சல்டன்ஸி எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

படி 6: ஆர்டரை வரி வரியாகச் சேர்ந்து படியுங்கள்

வேலைக்கான ஆர்டர் (நியமனக் கடிதம்) வந்த சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அதற்கு முன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, ஆர்டர் கொடுப்பது யார் என்பது. கேட்டில் உள்ள பெயர்ப் பலகை ஒன்றாக இருக்கும், ஆர்டரில் மேன்பவர் ஏஜென்சியின் பெயர் இருக்கும். அது காண்ட்ராக்ட் வேலை. போகக் கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்து போக வேண்டும். ட்ரெய்னி என்று இருந்தால் எத்தனை மாதம், முடிந்ததும் என்ன என்று கேட்கச் சொல்லுங்கள். சட்டப்படியான அப்ரன்டிஸ் என்றால் போர்ட்டலில் ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும், அதில் பி.எஃப். பிடித்தம் இருக்காது.

அடுத்து சம்பளம். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். மாதம் 16,000 ரூபாய், அதில் பேசிக் 10,000 என்றால் பி.எஃப். 12 சதவீதம் 1200 போகும். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 120 ரூபாய். மீதி 14,680. அதிலிருந்து கேன்டீன், பஸ், ஹாஸ்டல் கழியும். இந்தக் கணக்கை வீட்டிலும் காட்டிவிடுங்கள். "பதினாறாயிரம் வாங்குறான், ஆறாயிரம்தான் அனுப்புறான்" என்ற மனத்தாங்கல் வராமல் இருக்கும்.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது. இத்தனை வருடம் விடாமல் வேலை பார்ப்பேன் என்ற பாண்ட் இருந்தால் எத்தனை வருடம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

பெண்களை அனுப்பத் தயங்கும் வீடுகளில் பெரும்பாலும் கேள்வி ஒன்றுதான்: "எங்க தங்குவா?" முடிந்தால் பெற்றோரோடு ஒரு தடவை போய் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டு வாருங்கள். நைட் ஷிப்ட் பஸ் வாசல் வரை வருமா, வார்டன் யார் என்று அவர்களே கேட்கட்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 2024-ல் சிப்காட் கட்டித் திறந்தது இந்தக் கவலைக்காகத்தான். அதே ஆலையில் வேலை பார்க்கும் சீனியர் அக்கா ஒருவரைப் போனில் பேச வைத்தால், நீங்கள் பத்து தடவை சொல்வதைவிட அது பலிக்கும்.

படி 7: முதல் மூன்று மாதம் போனை எடுங்கள்

வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்புவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான் நடக்கிறது. நின்றுகொண்டே எட்டு மணி நேரம், மாறி மாறி வரும் ஷிப்ட், சாப்பாடு ஒத்துக்கொள்ளாதது, ஹாஸ்டலில் பேச ஆளில்லாதது. வாரம் ஒரு தடவை கூப்பிடுங்கள். "சம்பளம் வந்துச்சா?" என்று கேட்பதற்கு முன் "தூங்கினியா, சாப்பாடு எப்படி?" என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான வேலை, மரியாதையில்லாத நடத்தை என்றால் உடனே கிளம்பி வரச் சொல்லுங்கள். களைப்பும் வீட்டு ஞாபகமும்தான் காரணம் என்றால் ஒரு மாதம் தள்ளிப்போட்டு மறுபடி பேசலாம்.

இரண்டாவது சம்பளம் வந்ததும் சம்பளச் சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லி, பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் வந்திருக்கிறதா, பி.எஃப். கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். புரொவிஷனல் (தற்காலிகச்) சான்றிதழும் ஒருங்கிணைந்த மார்க் ஷீட்டும் கல்லூரிக்கு வந்துவிட்டதா என்று நீங்களே அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள். லீவு கிடைக்கும் நாளில் அலைச்சல் இல்லாமல் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும்.