ஊற்றுவதற்கு முன்னால் எந்த ஓட்டை என்று பாருங்கள்

தீபாவளிக்கு முந்தின வாரம் கதவுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, பிரஷ் கழுவின தின்னரைத் தாழ்வாரத்து ஓரமாகப் போகிற சின்ன வாய்க்காலில் ஊற்றப் போனேன். பக்கத்து வீட்டு மாமா, "தம்பி, நீ குடிக்கிற தண்ணிலதான் ஊத்தப் போறே" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் தண்ணீர் வெளியே போக இரண்டு தனித்தனி வழி. சிங்க், கழிவறை, குளியலறைத் தரை ஓட்டை எல்லாம் கழிவுநீர்க் குழாய்க்குப் போய்ச் சுத்திகரிக்கப்படும். வெளியே இருக்கிற லோங்காங், அதாவது வாய்க்கால், மழைத்தண்ணீருக்கு மட்டும். நாட்டு நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால், நம் புளோக்குக்குக் கீழே ஓடுகிற வாய்க்கால் பெரும்பாலும் 17 நீர்த்தேக்கங்களில் ஏதோ ஒன்றில்தான் போய் முடியும். குடிநீராக்கும்போது சுத்தம் செய்வார்கள், சரி. ஆனால் அதுவரை அது மீனுக்கும் ஆமைக்கும் வீடு.

நம்பிக்கை இல்லையென்றால் அடுத்த மழையில் கார் நிறுத்துமிடத்து வாய்க்காலைக் குனிந்து பாருங்கள். வானவில் மாதிரி ஒரு படலம் மிதக்கும். வண்டிகளிலிருந்து சொட்டின எண்ணெய்தான் அது. காய்ந்த நாளெல்லாம் தரையில் சேர்ந்த அழுக்கை மழையின் முதல் தண்ணீரே பெரும்பாலும் அள்ளிக்கொண்டு போகிறது. காரை அங்கேயே சோப்புப் போட்டுக் கழுவினால் நுரையும் கூடச் சேரும், மீனின் செவுள் அதைத் தாங்காது. தாழ்வாரத்துப் பூந்தொட்டிக்கு அள்ளிப் போட்ட உரமும் இதே வழியில்தான் போய்ப் பாசியை வளர்க்கும், பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள், போதும்.

அப்போ தின்னரை சிங்க்கிலாவது ஊற்றலாமா? அதுவும் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்று தீர்ப்பது உயிருள்ள பாக்டீரியா; சோற்றுக் கஞ்சி, சோப்புத் தண்ணீர் எல்லாம் அதற்குப் பிரச்சினையில்லை, தின்னர் அதையே கொல்லும். இன்னொன்று, கழிவுநீரை மறுபடி நல்ல தண்ணீராக்கிப் புதுநீர் தயாரிக்கிற சவ்வு உப்பையும் கிருமியையும் நன்றாகத் தடுக்கும், ஆனால் சில கரைப்பான்களின் மிகச் சிறிய மூலக்கூறுகளைத் தடுப்பது கஷ்டம்.

நான் இப்போது செய்வது: தின்னரை இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, அடுப்புப் பக்கம் போகாமல் ஸ்டோர் ரூமில் வைத்துவிடுவேன். சில நாளில் பெயின்ட் அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்ததை அடுத்த தடவைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

முறுக்குச் சுட்ட எண்ணெய்க்கு வேறு வழி. சிங்க்கில் ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் பிளம்பருக்குத் தண்டம். ஆறவிட்டு, பழைய பேப்பரில் உறிஞ்சவிட்டு, இரண்டு பை போட்டுக் கட்டிக் குப்பையில் போடுங்கள். இங்கே பெரும்பாலான குப்பையை எரித்துத்தான் சாம்பலைக் குப்பை கொட்டுகிற செமாக்காவ் தீவுக்குக் கொண்டுபோகிறார்கள், எண்ணெய் நன்றாகவே எரியும்.

எரியக் கூடாதவையும் உண்டு. குழல்விளக்கில் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் ஆவியாகிக் காற்றில் கலக்கும். லித்தியம் பேட்டரி குப்பை லாரியிலேயே தீப்பிடிக்கலாம். 2021 ஜூலையிலிருந்து மின்கழிவுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது, பல கடைத்தொகுதிகளில் தொட்டி வைத்திருக்கிறார்கள், போடுவதற்கு முன் எதெல்லாம் போடலாம் என்று தொட்டி மேல் ஒட்டியிருப்பதைப் படித்துவிடுங்கள். புது ஃபிரிட்ஜ் வாங்கினால் பழையதைக் கடைக்காரரையே எடுத்துப்போகச் சொல்லுங்கள், அது அவர் பொறுப்பு.

அந்தத் தின்னர் பாட்டில் இன்னும் இருக்கிறது. மூன்று தீபாவளி பார்த்துவிட்டது. போன தடவை மாமாவே வந்து கொஞ்சம் கடன் வாங்கிப் போனார்.