நியூயார்க்கில் டே ஸ்காலராகப் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

நியூயார்க் மாநிலத்தில் காலை வைத்த நாளிலிருந்து, உங்கள் பெயரும் முகவரியும் தேதியும் சேர்ந்து அச்சான எந்தத் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு சொல்கிறேன். இந்த ஒன்றில் கவனமில்லாததால், என் மகனின் முதல் பருவத்துக்குச் சுமார் 3,740 டாலர் கைக்காசைக் கட்டினேன். குடும்பம் வந்து சேர்ந்து ஒன்றேகால் வருஷம்தான் ஆகியிருந்தது. மனைவியின் இரண்டு வளையல் ஊரில் அடகுக்குப் போனது.

கியூனி என்கிற நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைப் பற்றி, குறிப்பாக வணிகப் படிப்புக்குப் பெயர்பெற்ற அதன் பரூக் கல்லூரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். கிரீன் கார்டில் குடும்பத்தோடு வருகிறவர்கள், பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கையோடு கூட்டி வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. லெக்சிங்டன் அவென்யூவில் 23, 24, 25ஆம் தெருக்களை ஒட்டி இருக்கிறது. 1847இல் நகரத்துப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி தர வேண்டும் என்று தொடங்கிய ஃப்ரீ அகாடமி நின்ற இடத்திலேயேதான் இன்று பரூக்கின் ஒரு கட்டடம் நிற்கிறது. கியூனியில் 1976 வரை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. இப்போதும் மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு முழுநேரப் படிப்பு ஒரு பருவத்துக்கு 3,465 டாலர்தான். டொனேஷன் கிடையாது, மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது, யாரையும் போய்ப் பார்த்துச் சொல்லி வைக்கவும் வேண்டாம். கணக்கியல், நிதி என்று படிக்க நினைக்கிற பிள்ளைக்கு வால் ஸ்ட்ரீட் சப்வே ரயிலில் சில நிறுத்தங்கள் தள்ளித்தான்.

விண்ணப்பம் போடுவது நம் கவுன்சலிங் மாதிரிக் குழப்பமில்லை. ஒரே விண்ணப்பம், அதில் ஆறு கல்லூரி வரை குறிக்கலாம். பத்தாவது, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்களைக் கேட்பார்கள். தடுப்பூசிக் கணக்கும் காட்ட வேண்டும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் போட்டதற்குச் சான்று இல்லாவிட்டால் வகுப்புக்கு விட மாட்டார்கள். சின்ன வயதில் போட்ட அட்டை தொலைந்துபோயிருந்தால் அதற்காக ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டாம். இங்கேயே ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று காட்டினால் போதும். பண உதவிக்கு ஃபாஃப்ஸா படிவம். கிரீன் கார்டு வைத்திருக்கும் பிள்ளைக்கு அதில் உரிமை உண்டு. ஊரில் சம்பாதித்ததையும் டாலராக மாற்றி அதில் எழுத வேண்டும், மறைக்காதீர்கள். டாப் என்கிற மாநில உதவித்தொகைக்கு வேறு இரண்டு நிபந்தனை. ஒன்று, மாநிலத்தில் பன்னிரண்டு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். இன்னொன்று, வெளிநாட்டில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் அதற்கென்று ஒரு தகுதித் தேர்வில் தேற வேண்டும். சேர்ந்ததுமே கல்லூரியில் கேட்டு, முதல் பருவம் தொடங்குமுன் எழுதி முடித்துவிடுங்கள்.

பரூக்கில் இடம் கிடைத்தாலே அதற்குள் இருக்கும் ஜிக்லின் வணிகப் பள்ளியில் சேர்ந்ததாக ஆகிவிடாது. கணக்கியல், இரண்டு பொருளாதாரத் தாள்கள், புள்ளியியல், வணிகச் சட்டம், கால்குலஸ் போன்ற அடிப்படைப் பாடங்களை அவர்கள் கேட்கும் சராசரியோடு முடித்த பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து, கணிதத்தை விட்டுவிட்டு வந்த பிள்ளை என்றால் முதல் கோடையிலேயே கால்குலஸை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இனி பணம் போன கதை.

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது மச்சான் எங்களுக்குக் கிரீன் கார்டு மனு போட்டார். மீசை முளைத்த பிறகுதான் விசா வந்தது. 2023 மே மாதம் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில், எடிசன் ஊரில் அவர் வீட்டில் வந்து இறங்கினோம். வந்த வாரமே அவர் எங்களை வங்கிக்குக் கூட்டிப் போய்க் கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். சோஷியல் செக்யூரிட்டி அட்டை அவர் வீட்டு முகவரிக்கு வந்தது. மகனுக்கு அடையாள அட்டையும் நியூஜெர்சியில்தான் எடுத்தோம். எல்லாம் அன்போடு செய்தது. இன்றைக்கும் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஜூலையில் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. ஃப்ளஷிங்கில், பவுன் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் குடியேறினோம். மாதம் 1,500 டாலர், ரொக்கம். ஒப்பந்தம் கிடையாது. கரண்ட், கேஸ், இன்டர்நெட் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில்.

நான் திண்டுக்கல்லில் பத்தொன்பது வருஷம் பத்திரம் எழுதியவன். வாடகை ஒப்பந்தம் போடாமல் குடிபோகாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! வந்த இடத்தில், இத்தனை குறைந்த வாடகையில் இடம் கொடுத்த மனிதரிடம் தாள் கேட்க நாக்கு எழவில்லை.

ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் படிக்கட்டும் என்று மகனை நிறுத்தி வைத்தேன். மாநிலக் கட்டணம் வேண்டுமென்றால், வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து நியூயார்க்கில் குடியிருந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஜூலை 2023இல் வந்தோம், வகுப்பு 2024 ஆகஸ்ட் கடைசியில். பதின்மூன்று மாதம். கணக்கு சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். அவன் முதலில் சேர்ந்தது பரூக் அல்ல, கியூனியிலேயே இன்னொரு கல்லூரி. பெயர் இங்கே தேவையில்லை. அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. விதி என்னவோ அதைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

பில் வந்தது. 12 கிரெடிட் (பாட அலகு), கிரெடிட்டுக்கு 620 டாலர், மொத்தம் 7,440. வெளிமாநிலத்தாருக்கான விகிதம். தவறு நடந்திருக்கிறது என்று ஒரு கோப்பு நிறையத் தாள்களோடு போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் பொறுமையாக ஒவ்வொன்றாகப் புரட்டினார். வங்கிக் கணக்கு அறிக்கையில் எடிசன் முகவரி. 2023க்கான வருமான வரியையும் பழைய முகவரியைப் பார்த்து நியூஜெர்சிக்கே போட்டுவிட்டிருந்தார் எங்களுக்குக் கணக்கு எழுதியவர். செல்போன் பில் மச்சானின் குடும்பத் திட்டத்தில். கடைசியாக மகனுடைய நியூயார்க் அடையாள அட்டையை எடுத்து, அதில் சின்னதாக அச்சிட்டிருந்த தேதியின் மேல் பேனா முனையை வைத்தார். பிப்ரவரி 2024. "எனக்கு இதைவிட ஆறு மாதம் முந்திய தாள் ஒன்று வேண்டும்" என்றார். நாங்கள் நியூயார்க்கில் இருந்ததற்கு அந்தப் பேஸ்மென்ட்டின் சுவரும், கோயில் குருக்களும்தான் சாட்சி. தாளில் நாங்கள் நியூஜெர்சிக்காரர்கள்.

ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: வீட்டுக்காரர் நோட்டரி முன்னால், இவர்கள் இன்ன தேதியிலிருந்து என் வீட்டில் இருக்கிறார்கள் என்று கையெழுத்துப் போட்டுத் தரலாம். அன்று மாலையே அவரிடம் போய் நின்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட அவருக்கு அனுமதி இல்லை. கையெழுத்துப் போட்டால் நாளைக்கு நகரசபை ஆள் வாசலில் நிற்பான் என்ற பயம். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, இன்றும் முழுதாக ஆறவில்லை. பதின்மூன்று மாதம் தவறாமல் எண்ணிக் கொடுத்த வாடகைக்கு ஒரு வரி எழுதித் தர முடியவில்லை.

வயிறெரிவது எதனால் என்றால், மகனுக்கு மத்திய அரசின் பெல் மானியம் முழுதாகக் கிடைத்திருந்தது. பருவத்துக்குச் சுமார் 3,700 டாலர். மாநிலக் கட்டணமான 3,465ஐ அது அப்படியே அடைத்திருக்கும். கல்விக் கட்டணம் என்று ஒரு டாலர் எடுத்திருக்க வேண்டியதில்லை. டாப் உதவியும் அதோடு போனது.

அடுத்த பருவத்துக்கு எங்களைக் காப்பாற்றியது மகன் வேலை பார்த்த மருந்துக்கடையின் சம்பளச் சீட்டுகள். 2023 அக்டோபரில் சேர்ந்தபோது, முகவரி என்ன என்று கேட்டதும் அவன் யோசிக்காமல் ஃப்ளஷிங் முகவரியைச் சொல்லியிருக்கிறான். அந்தச் சீட்டுகளை அவன் அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்த்து வைத்திருந்தாள். ஜனவரி 2025இல் அவை பதினைந்து மாதம் பேசின.

நம்மூரில் ரேஷன் கார்டு ஒன்று இருந்தால் போதும்; மிஞ்சிப்போனால் வி.ஏ.ஓ.விடம் போய் நேட்டிவிட்டிக்கு எழுதிக் கொடுக்கலாம், தெருவே சாட்சி சொல்லும். இங்கே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்கிற வழக்கம் இல்லை. அதனால் குடியேறிய முதல் மாதத்திலேயே கொஞ்சம் அலையுங்கள். வங்கியில் முகவரியை மாற்றி, மாத அறிக்கையைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். இன்டர்நெட்டையாவது உங்கள் பெயரில் எடுங்கள். நகரம் தரும் ஐடிஎன்ஒய்சி என்கிற அடையாள அட்டை இலவசம், எடுத்து வையுங்கள். மாநில அடையாள அட்டையைத் தள்ளிப் போடாதீர்கள். வருமான வரியை எந்த மாநிலத்துக்குப் போடுகிறார்கள் என்று கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். கிரீன் கார்டுக்காரர்கள் வீடு மாறிய பத்து நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டமே. அதன் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வாடகையை ரொக்கமாகக் கேட்டால் மணி ஆர்டரில் கொடுத்து, அடிக்கட்டையை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் நோட்டரி கையெழுத்துக்குச் சம்மதிப்பாரா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். மாட்டேன் என்றால் நூறு டாலர் கூடப் போனாலும் வேறு இடம் பாருங்கள்.

இந்தக் கஷ்டம் எல்லோருக்கும் இல்லை. நியூயார்க் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருஷமாவது படித்து, அங்கேயே முடித்து, ஐந்து வருஷத்துக்குள் கியூனியில் சேரும் பிள்ளைக்கு 2002 சட்டப்படி மாநிலக் கட்டணம் கிடைக்கும். உங்கள் பிள்ளை பத்தாவது முடித்திருந்தால், பிளஸ் டூவை ஊரில் பாட்டி வீட்டில் முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு வராதீர்கள். எஃப்-1 மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கோ எத்தனை வருஷம் இருந்தாலும் வெளிமாநிலக் கட்டணம்தான்.

மகன் இப்போது பரூக்குக்கு மாறி இரண்டாவது பருவம். காலை ஏழரைக்கு ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டில் ஏழாம் எண் ரயில். அங்கேதான் வண்டி புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கும். எண் வட்டத்துக்குள் இருந்தால் எல்லா நிறுத்தத்திலும் நிற்கும். சாய்சதுரத்துக்குள் இருந்தால் எக்ஸ்பிரஸ். கிராண்ட் சென்ட்ரலில் இறங்கி ஆறாம் எண் ரயிலில் மூன்றாவது நிறுத்தம் 23ஆம் தெரு. ஒரு பயணம் 3 டாலர். ஏழு நாளில் 35 டாலர் ஆனதும் அதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே கார்டையோ அதே போனையோ தட்ட வேண்டும். ஒரு நாள் போன், ஒரு நாள் கார்டு என்று மாற்றித் தட்டினால் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும்.

இங்கே பெரும்பாலோர் டே ஸ்காலர்தான், அதனால் வீட்டிலிருந்து வருகிறோமே என்று பிள்ளை கூச வேண்டியதில்லை. வகுப்புகளை வாரத்தில் மூன்று நாளில் அடுக்கிக்கொண்டால் மற்ற நாளில் வேலைக்குப் போகலாம். அதற்காகச் செவ்வாய், வியாழன் நண்பகலை விட்டுவிடக் கூடாது. சங்கங்கள் கூடுவதற்கென்றே வகுப்பில்லாமல் விட்டிருக்கும் நேரம் அது. கணக்கியல் நிறுவனங்களின் ஆட்கள் பலரை அவன் சந்தித்தது அப்போதுதான். முதல் பருவத்தில் இதைத் தெரியாமல் சாப்பாட்டை முடித்ததும் ரயிலேறி வந்துகொண்டிருந்தான்.

கல்லூரிக்குக் கொஞ்சம் வடக்கே, 27ஆம் தெருவைத் தாண்டினால் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும். கலுஸ்தியான்ஸ் என்று 1944இலிருந்து நடக்கும் மசாலாக் கடையும் அங்கேதான். வெள்ளிக்கிழமை வரும்போது கறிவேப்பிலை வாங்கி வருவான். பை திறந்ததும் அந்த வாசனையில் ஒரு நிமிஷம் திண்டுக்கல் சந்தைக்குப் போய் வந்துவிடுவேன்.

ஒன்று விட்டுப்போனது. பேஸ்மென்ட்டில் இருப்பவர்கள் வாசல் தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டுங்கள், குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை பெயரும். பெட்டியில் பெயர் இல்லாததால் எங்களுக்கு வந்த வங்கிக் கடிதம் ஒன்று அனுப்பியவருக்கே திரும்பிப் போயிருக்கிறது. அதில் செப்டம்பர் 2023 என்று தேதி இருந்திருக்கும்.