மலாயில் மலையையும் பள்ளத்தையும் சொல்வது எப்படி

மலாய், இந்தோனேசிய மொழிகளில் நிலத்தை வருணிக்க, முதலில் தமிழ்ச் சொல்வரிசையைத் திருப்பிப் போடுங்கள். பெயர் முன்னால், தன்மை பின்னால். புக்கிட் என்றால் குன்று, திங்கி என்றால் உயரம். மேற்குச் சுமத்ராவில் உள்ள புக்கிட்திங்கி நகரின் பெயருக்கு ‘உயர்ந்த குன்று’ என்று பொருள். தமிழ்ப் பழக்கத்தில் ‘திங்கி புக்கிட்’ என்றால் ‘குன்றின் உயரம்’ ஆகிவிடும். ‘லெம்பா டாலம்’ ஆழமான பள்ளத்தாக்கு. ‘டாலம் லெம்பா’ பள்ளத்தாக்குக்குள்ளே. இரண்டுமே இலக்கணப்படி சரி என்பதால் கேட்பவர் பிழை என்று உணரமாட்டார். வேறு பொருளில் எடுத்துக்கொள்வார்.

பெயர்ச்சொற்களுக்கு அகராதியைவிட வரைபடம் நல்லது. தஞ்சோங் என்றால் முனை, தெலுக் விரிகுடா. கோலா என்பது ஆறு கடலிலோ இன்னோர் ஆற்றிலோ சேரும் இடம். கோம்பாக், கிள்ளான் ஆறுகள் கூடுமிடத்தில் எழுந்த கோலாலம்பூரில் ‘லும்பூர்’ என்பது சேறு. புக்கிட்திங்கியை ஒட்டியே ஙராய் சியானோக் இருக்கிறது. ஙராய் என்பது செங்குத்தான சுவர்களுக்கு நடுவே ஆறு ஓடும் பெரும்பள்ளம். அரிச்சுவடியோடு நாம் மறந்த ‘ங’ இங்கே சொல்லின் முதலிலேயே வருகிறது. ‘மாத்தா ஆயர்’, நீரின் கண், நமக்குப் பழகியதுதான்: ஊற்றுக்கண்.

தன்மையைச் சொல்ல: லண்டாய் மெல்லிய சரிவு, ராத்தா சமதளம், சுராம் செங்குத்து. சுராமின் முதலெழுத்தைப் பச்சையில் வரும் ‘ச்ச’ போல அழுத்துங்கள். ‘ஸுராம்’ என்றால் மங்கல், இருண்மை. செங்குத்துச் சரிவு சோகச் சரிவாகிவிடும்.

பெயரையே தன்மையாக்க ‘பெர்’ ஒட்டுங்கள்: பாத்து (கல்) பெர்பாத்து, கல் நிறைந்த. ‘பெர்புக்கிட்-புக்கிட்’ என்று இரட்டித்தால் குன்றுகள் அடுத்தடுத்து வரும் நிலம். ‘ர’வில் தொடங்கும் சொல்லின் முன் ஒட்டின் ‘ர்’ விழும்: ராவா (சதுப்பு) பெராவா.

நாடு மாறினால் சொல்லும் மாறும். ஏரி மலேசியாவில் தாசிக், இந்தோனேசியாவில் டானாவ், அதனால்தான் சுமத்ராவின் தோபா ஏரி டானாவ் தோபா. சதுப்பு மலேசியாவில் பாயா, இந்தோனேசியாவில் ராவா. தெபிங் மலேசியாவில் பெரும்பாலும் ஆற்றங்கரை. இந்தோனேசியாவில் பாறைச் செங்குத்தும்கூட. தெலாகா நம் தடாகத்துக்கு உறவான சம்ஸ்கிருதச் சொல். ஆனால் இந்தோனேசியாவில் சிறு ஏரி, மலேசியாவில் கிணறு. வாளியா, படகா என்பதை நாடு பார்த்து முடிவு செய்யுங்கள்.