ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள்

போன மாதம் லண்டனில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவின் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இசை நாடகம் போடப் போகிறார்கள். இயக்குநர் இருபத்துநாலு வயதுத் தமிழ்ப் பையன். "நாங்க நிறம் பார்க்கிறதில்லை அண்ணா, குரல் மட்டும்தான்" என்றான். பதினைந்து வருடத்துக்கு முன் நான் சொல்லித் திரிந்த அதே வசனம். முகத்தில் மை பூசி வேறு இனத்தவராக நடிக்கக் கூடாது என்பதெல்லாம் இந்தத் தலைமுறைக்குத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

தேடாமலே 'கிடைக்கவில்லை' என்பது

இது இன்னும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு. 'மிஸ் சைகோன்' என்ற இசை நாடகத்தின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1989-இல் லண்டனில் அரங்கேறியபோது, பாதி பிரெஞ்சு, பாதி வியட்நாமியரான தரகர் 'எஞ்சினியர்' வேடத்தில் ஜோனதன் பிரைஸ் நடித்தார். வேல்ஸ் நாட்டு வெள்ளையர். கண்ணிமையில் ஒட்டுறுப்பு, தோலுக்கு நிறமேற்றும் களிம்பு. அதே வேடத்தோடு நியூயார்க் போக இருந்தபோது, நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹுவாங்கும் நடிகர் பி.டி. வோங்கும் எதிர்த்தார்கள். 1990 ஆகஸ்டில் அமெரிக்க நடிகர் சங்கம் பிரைஸுக்கு அனுமதி மறுத்தது. தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டோஷ் நாடகத்தையே ரத்து செய்துவிட்டார். பல மில்லியன் டாலருக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்திருந்த நேரம். ஒரு வாரம் தாண்டியதும் சங்கம் இறங்கி வந்தது. 1991-இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் நாடகம் தொடங்கி, பிரைஸ் அமெரிக்க நாடகத்துக்கான டோனி விருதும் வாங்கினார்.

கலைச் சுதந்திரமா, சங்கமா என்றுதான் இதை எல்லோரும் பேசுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு. நாயகி கிம்முக்காக மணிலா வரை போய்த் தேடி, பதினேழு வயது லியா சலோங்காவைக் கண்டுபிடித்த அதே குழு இது. எஞ்சினியருக்கு மட்டும், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய, செவ்வியல் நாடகப் பயிற்சியும் உலகப் புகழும் உள்ள ஆசிய நடிகர் ஒருவர் இருந்திருந்தால் எங்கள் கண்ணில் பட்டிருப்பாரே என்றார்கள். பெரிய வேடமே கொடுக்காமல் உலகப் புகழ் எங்கிருந்து வரும்? நீச்சல் பழகிவிட்டுத் தண்ணீரில் இறங்கு என்பது போலத்தான். பிரைஸ் விலகிய பிறகு பிராட்வேயில் ஆசிய வம்சாவளி நடிகர்களே அந்த வேடத்தை ஏற்றார்கள். 2014-இல் லண்டனில் மறுபடி போட்டபோது எஞ்சினியராக வந்த ஜான் ஜான் ப்ரியோனஸ், 1989 தயாரிப்பில் கோரஸில், அதாவது பின்னணிக் குழுவில் நின்றவர்.

நான் செய்தது இதன் சின்னப் பதிப்பு. ஆசியப் பாத்திரம் முக்கியமாக வரும் ஒரு நாடகம். நோட்டீஸை எங்கள் ஹால் வாசலில் மட்டும் ஒட்டினேன். முக்கிய வேடத்தை ஒரு நண்பருக்கு ஏற்கெனவே வாய்ப்பேச்சில் கொடுத்தாயிற்று. மலேசியச் சீனக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வந்தாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே படிவத்தில் 'கோரஸ்' என்று எழுதிவிட்டேன். மேசைக்கு எதிரே நின்றவள் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டாள். "பாடட்டுமா, தேவையில்லையா?" என்று கேட்டாள். பாடினாள், எங்கள் நண்பரை விட நன்றாக. அப்புறம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பியானோ வாசித்தவர் அடுத்த வாரம் வரவில்லை. அவர் பின்னால் இன்னும் மூன்று பேர். ஹாலுக்குக் கட்டிய முன்பணம் போயே போயிற்று. அப்போதும் நான் 'ஆள் கிடைக்கவில்லை' என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன்.

'ஹாமில்டன்' இசை நாடகத்தைத் துணைக்கு இழுப்பது

அமெரிக்காவை உருவாக்கிய வெள்ளைத் தலைவர்களாகக் கறுப்பின, லத்தீன், ஆசிய நடிகர்கள் வருவதுதான் அந்த நாடகம் சொல்லும் செய்தியே. அங்கே நன்றாகவே நிறம் பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள். இதைக் காட்டி, ஆசிய வேடத்தை வெள்ளையருக்குக் கொடுக்க நியாயம் தேடாதீர்கள்.

உரிமை ஒப்பந்தத்தைப் படிக்காமல் விடுவது

'போர்கி அண்ட் பெஸ்' ஆப்பெராவைக் கறுப்பின நடிகர்களைக் கொண்டுதான் நடத்த வேண்டும் என்பது அதற்கு இசையமைத்த கெர்ஷ்வினின் குடும்பம் வைத்த நிபந்தனை. 2018-இல் ஹங்கேரிய அரசு ஆப்பெரா வெள்ளையர்களை வைத்து நடத்தியது. இந்தத் தயாரிப்புக்கு அனுமதி இல்லை என்று தங்கள் அறிவிப்பிலேயே தாங்களே அச்சிட வேண்டி வந்தது. முதலில் ஒப்பந்தம், அப்புறம் ஆடிஷன்.

நடிக்கும்போது 'ஆசிய' உச்சரிப்பைப் போலியாக வரவழைப்பது

வேண்டாம்.

ஆசியர் என்றால் எல்லோரும் ஒன்று என்பது

சலோங்கா பிலிப்பினோ, கிம் வியட்நாமியப் பெண். இது சரியா என்று கேட்டால் என்னிடம் சுத்தமான பதில் இல்லை. குழுவில் பேசி முடிவெடுங்கள், பேசாமல் கடந்து போகாதீர்கள்.

சரி, அந்தப் பையன் ஆடிஷனை இரண்டு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறான். நோட்டீஸ் இப்போது ஏழு இடத்தில் ஒட்டியிருக்கிறது. ஹாலுக்குக் கூடுதலாக அறுபது பவுண்டு. என்னைத் திட்டிக்கொண்டேதான் கட்டினான்.