ராமென் கடையில் சூப்பை மிச்சம் வையுங்கள்

டோக்கியோவின் ஷின்ஜுகு போன்ற நெரிசலான பகுதிகளில் ஹகாட்டா (ஜப்பானின் ஃபுகுவோகா நகரப் பகுதி) பாணி ராமென் எனும் நூடுல்ஸ் சூப் கடைக்குச் செல்பவர்கள், சாதாரண அளவையே வாங்கி, நூடுல்ஸ் தீரும் தறுவாயில் சூப்பைப் பாதிக்குமேல் மிச்சம் வைத்துக்கொண்டு ‘கயேதாமா’ என்று கேட்டால், சுடச்சுட வெந்த நூடுல்ஸ் மட்டும் இன்னொரு பங்கு குறைந்த விலைக்குக் கிடைக்கும். இந்த நூடுல்ஸ் மிக மெல்லியது என்பதால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் வெந்துவிடுகிறது. அதே காரணத்தால் கொதிக்கும் பன்றியெலும்புச் சூப்பில் விரைவில் குழைந்தும் போகிறது. எனவே இரு தவணையாக உண்பவருக்கே கடைசி வாய்வரை பதம் மாறாமல் இருக்கும். கேட்கும்போதே ‘கத்தாமே’ என்று சொல்லிவிட்டால் சற்று விறைப்பாகவே எடுத்துத் தருவார்கள். அந்தப் பதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

தடித்த நூடுல்ஸ் பரிமாறும் சப்போரோ நகரப் பாணி மிசோ (புளித்த சோயா விழுது) ராமென் கடைகளிலும், நூடுல்ஸைத் தனிச் சூப்பில் தோய்த்து உண்ணும் த்சுகேமென் கடைகளிலும் இவ்வசதி பெரும்பாலும் இராது. அங்கே முதலிலேயே பெரிய அளவுக்கான உணவுச் சீட்டை எடுத்துவிடுங்கள்.