காஞ்சிபுரத்தில் பயணிகளை ஓர் இரவு தங்கவைப்பது எப்படி? உள்ளூர்க்காரர்களுக்கான வழிமுறைகள்

காஞ்சிபுரத்துக்கு மக்கள் வருவதில்லை என்று யாரும் குறைப்பட முடியாது. சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டரில் உள்ள இந்நகருக்குக் காலையில் வருபவர்கள் காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் வரதராசப் பெருமாளையும் தொழுகிறார்கள். காந்தி சாலையில் ஒரு சேலை எடுக்கிறார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். கூட்டம் உண்டு, தங்கல் இல்லை என்பதே இந்நகரின் உண்மையான நிலை. ஆகவே, விடுதி நடத்துவோர், வணிகர் சங்கத்தினர், வழிகாட்டிகள், 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த இந்நகரின் மன்ற உறுப்பினர்கள் ஆகியோர் காஞ்சியைப் பயணத்தலமாக வளர்க்க விரும்பினால், வருவோர் தொகையைப் பெருக்குவதைக் காட்டிலும் வந்தவரை ஓர் இரவு தங்கவைப்பதையே இலக்காகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இங்கே சொல்லப்படும் வழிமுறைகள் யாவும் அந்த ஓர் இரவை நோக்கியவை.

கூட்டம் வேறு, பயணத்தலம் வேறு என்பதற்கு 2019-ஆம் ஆண்டே போதுமான சான்று. அவ்வாண்டு சூலை 1 முதல் ஆகத்து 17 வரை, வரதராசப் பெருமாள் கோயில் குளத்துள் வைக்கப்பட்டிருக்கும் அத்திமரத் திருமேனியான அத்திவரதர் வெளியே எழுந்தருளியிருந்தபோது, ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் காஞ்சிக்கு வந்தார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வரிசையில் நின்று தரிசனம் செய்துவிட்டு நேரே ஊர் திரும்பினார்கள். நகரின் மறுமுனையில் பல்லவர் எழுப்பிய கயிலாசநாதர் கோயில் இருப்பதை அறியாமலே பலர் போயிருப்பார்கள். அடுத்த அத்திவரதர் வைபவம் 2059-இல்தான். இடையிலுள்ள நாற்பது ஆண்டுகளுக்கும் இந்நகரம் தன்னிடமுள்ள பிறவற்றைக் கொண்டே விருந்தினரை அழைக்க வேண்டும்.

முதல் வேலை, வருபவர் யார் என்று அறிவது. இதற்குப் பெரிய ஆய்வு நிறுவனம் எதுவும் தேவையில்லை. பேருந்து நிலையம், இரயில் நிலையம், பெரிய கோயில்களின் வாகன நிறுத்தங்கள் ஆகிய இடங்களில் கல்லூரி மாணவர்களை நிறுத்தி, எங்கிருந்து வந்தீர்கள், எதற்காக வந்தீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்ற மூன்று வினாக்களை ஒரு வேலைநாளிலும் ஒரு வார இறுதியிலும் ஒரு முகூர்த்த நாளிலும் கேட்டாலே ஒரு தெளிவு பிறக்கும். வழிபட வரும் குடும்பங்கள், திருமணப் பட்டு எடுக்க வருபவர்கள், சிற்பமும் கல்வெட்டும் காண வருபவர்கள், வெளிநாட்டுப் பயணிகள் என்று பிரிவுகள் தனித்தனியே தெரியவரும். ஒரே துண்டறிக்கையால் இவர்கள் அனைவரையும் அழைக்க முயல்வது வீண். பட்டு எடுக்க வந்த குடும்பத்தின் பெரியவர்கள் விலை பேசிக்கொண்டிருக்கையில் இளையவர்களுக்கு என்ன காட்டலாம் என்று யோசிப்பது, எல்லோரையும் வருக வருக என்று வரவேற்கும் வளைவு ஒன்றை எழுப்புவதைவிடப் பயன் தரும்.

வெளிநாட்டுப் பயணிகளைப் பொறுத்தவரை, அவர்களைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1984-இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மாமல்லபுரம் சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது; அங்கே கடற்கரையோரம் பல நாள் தங்குபவர்கள் ஏராளம். அங்குள்ள கடற்கரைக் கோயிலையும் இங்குள்ள கயிலாசநாதர் கோயிலையும் எழுப்பியவன் இராசசிம்மன் என்ற ஒரே பல்லவ மன்னன். கடலோரத்தில் அவன் கட்டியதைப் பார்த்தவரிடம், அவனுடைய தலைநகரில் அவன் கட்டியதையும் பார்க்க வாருங்கள் என்று அழைப்பதைவிட இயல்பான அழைப்பு வேறு இல்லை. மாமல்லபுரத்து விடுதிகளின் வரவேற்பு மேசையில் காஞ்சியைப் பற்றிய ஒரு பக்க வரைபடமும், நம்பத்தக்க வண்டி ஏற்பாடும், ஓர் இரவு தங்குமிடத்தின் விவரமும் இருக்குமாறு செய்வது, வணிகர் சங்கம் ஒன்று தொடக்கத்திலேயே செய்து முடிக்கக்கூடிய பணியாகும்.

அடுத்து, எந்தக் கதைகளைச் சொல்வது என்று தெரிந்தெடுக்க வேண்டும். "ஆயிரம் கோயில்களின் நகரம்" என்ற சொற்றொடரைக் கேட்ட பயணிக்குக் களைப்புதான் மிஞ்சுகிறது. ஆயிரத்தில் எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரிவதில்லை. மாறாக, ஒரு கோயிலுக்கு ஒரு கதையை நன்றாகச் சொன்னால் அவர் நின்று கேட்பார். வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபின், அரசு கொள்ள ஒருவரைத் தேடிச் சென்றவர்கள் இரணியவர்மனின் மக்களுள் இளையவனான 12 வயதுச் சிறுவனை அழைத்துவந்து முடிசூட்டினார்கள். அவனே இரண்டாம் நந்திவர்மனான பல்லவமல்லன், அக்கோயிலைக் கட்டுவித்தவன். ஓர் அரச மரபு தன் கதையைத் தானே கல்லில் சித்திரத் தொடராக எழுதிவைத்த இடம் தமிழகத்தில் இதைப்போல் வேறொன்று எனக்குத் தெரியாது. ஆயினும், பெரிய கோயில்களில் நெரியும் கூட்டத்தில் மிகச் சிறு பங்கே இங்கு வருகிறது.

கயிலாசநாதர் கோயிலில் சொல்வதற்கு இன்னும் பல உண்டு. முற்றத்தைச் சுற்றிய சிற்றாலயங்களில் பல்லவர் கால ஓவியங்களின் எச்சங்கள் இன்றும் தெரிகின்றன. முன்புறம் உள்ள சிற்றாலயங்களுள் ஒன்று அரசி இரங்கபதாகை எடுப்பித்தது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கொள்ளையிடாமல் திரும்ப அளித்ததைக் கன்னடக் கல்வெட்டாக இங்கேயே பொறித்துவைத்தான். பின்னர்க் கருநாடகத்துப் பட்டடக்கல்லில் அவனுடைய அரசி கட்டுவித்த விருபாட்சர் கோயிலில் காஞ்சிக் கலையின் சாயல் தெரிவதை அறிஞர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். பகைவன் படையெடுத்து வந்து, கலைக்கு வணங்கித் திரும்பிய கதை இது. கருநாடகத்திலிருந்து வரும் பயணிகளிடம் இதைச் சொல்லாமல் விடுவது பேரிழப்பு.

கதை சொல்லும்போது வரலாற்றையும் தலபுராணத்தையும் கலக்கக் கூடாது. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் அம்மை தவம் செய்ததைப் பக்தியுடன் புராணமாகவே சொல்ல வேண்டும். அதே கோயிலின் பெரிய இராசகோபுரம் 1509-இல் கிருட்டிணதேவராயர் எழுப்பியது என்பதை வரலாறாகச் சொல்ல வேண்டும். மரத்துக்கு இத்தனை ஆயிரம் ஆண்டு வயது என்று பலகையில் எழுதிவைத்தால், அதை நம்பாத பயணி கோபுரத்தின் ஆண்டையும் நம்பமாட்டார். ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங் இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள் இருந்ததாக எழுதினார். அவற்றுள் எதுவும் இன்று நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. பௌத்த நாடுகளிலிருந்து வருபவர்கள் ஏமாற்றத்தோடு திரும்பாமல் இருக்கவும் அதுவே வழி.

இனி, காஞ்சியின் மிகப் பெரிய நடைமுறைச் சிக்கலுக்கு வருவோம். நண்பகலில் கோயில்களின் நடை சாத்தப்பட்டால், மீண்டும் திறக்க மாலை 4 மணி வாக்கில் ஆகிவிடும். இந்த நான்கு மணி நேரத்தில்தான் பயணி ஊரை விட்டுக் கிளம்ப முடிவெடுக்கிறார். இந்த இடைவெளியை நிரப்பிவிட்டால் மாலைப் பூசைக்கு அவர் இருப்பார். மாலை வரை இருப்பவருக்கு இரவுச் சாப்பாடும் அறையும் வேண்டியிருக்கும். ஆகவே நண்பகலுக்கு உரியவற்றைத் தனியே திட்டமிட வேண்டும். வரதராசப் பெருமாள் கோயிலின் பிரசாதமாகப் புகழ்பெற்ற குடலை இட்லியை எடுத்துக்கொள்வோம். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்த மாவை மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி அவிப்பது அது. அதைச் செய்யும் முறையைக் கண்முன் காட்டி, இலையில் பரிமாறும் மதிய உணவுக்கூடம் ஒன்று இருந்தால், அதற்கென்றே மக்கள் வருவார்கள். உணவுக்குப் பின் அண்ணா நினைவு இல்லம். அதன் பின் வெயில் தாழும் வரை தறிவீடு.

தறிவீடு என்றதும் பட்டு வணிகத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. உடலையும் கரையையும், குறுக்கு நூலை ஓட்டும் கருவிகளான நாடாக்கள் தனித்தனியே கொண்டு இரண்டு பேர் அமர்ந்து நெய்து இணைக்கும் கோர்வை முறை உலகம் அறியத்தக்கது. ஆனால், கோயில் வாசலில் பயணியை மறித்துத் தாம் தரகு பெறும் கடைக்கு இழுத்துச் செல்பவர்களின் பேச்சுத்தான் பலருக்குக் காஞ்சியின் முதல் அறிமுகமாகிறது. எந்த விளம்பரமும் இந்த முதல் அனுபவத்தைச் சரிக்கட்டாது. வணிகர்கள் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்து தரகுப் பணத்தை நிறுத்துவதும், சரிகை எது, எவ்வளவு வெள்ளி, கைத்தறியா விசைத்தறியா என்பதை விலைச்சீட்டிலேயே அச்சிடுவதும், ஐயம் இருப்பவர் கூட்டுறவு சங்கக் கடைகளிலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தாமே சொல்வதும், முதலில் இழப்பாகத் தோன்றினாலும், திருமணத்துக்குத் திருமணம் அதே குடும்பத்தைத் திரும்பக் கொண்டுவரும்.

பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களுக்குப் பயணிகளை அழைத்துச் செல்வதில் மிகுந்த கவனம் தேவை. அது ஒரு குடும்பம் உண்டு உறங்கும் வீடு. பாவு ஓடும் தறியில் அமர்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கூலி. ஆகையால், விரும்பிப் பெயர் கொடுத்த வீடுகளுக்கு மட்டும், ஒரு வேளைக்குச் சிறு குழுவாக, முன்பதிவு செய்தே செல்ல வேண்டும். கட்டணம் வழிகாட்டியின் கையில் தங்காமல் அந்த வீட்டுக்கே போய்ச் சேர வேண்டும். பார்ப்பவர் குழித்தறியின் அருகே அமர்ந்து, நெசவாளர் தாமே விளக்கக் கேட்டு, ஊடை எனும் குறுக்கு நூலை ஓரிழை தாமே ஓட்டிப் பார்க்கும்படி அமைத்தால், இருபது கடைகளைப் பார்த்தாலும் கிடைக்காத மதிப்பு அந்தச் சேலையின் மீது அவருக்கு வந்துவிடும்.

பெரிய கோயில்கள் வழிபாட்டில் இருப்பவை என்பதை வருமுன்னரே பயணிக்கு அறிவிக்க வேண்டும். உடைக் கட்டுப்பாடு, படம் எடுக்கத் தடை உள்ள இடங்கள், இந்து சமயத்தைச் சேராதவர்கள் கொடிமரத்தைக் கடக்க இயலாத கோயில்கள் ஆகியவற்றை வாசலில் தடுத்துச் சொன்னால் அவமதிப்பாகப் படும். விடுதியில் தரும் தாளில் பணிவாக அச்சிட்டிருந்தால் அதுவே மரியாதை. கழிப்பறை, குடிநீர், செருப்பு வைக்குமிடம், சித்திரை வெயிலில் சுடும் கல் தரையின் மீது விரிப்பு, தானிக் கட்டணப் பலகை ஆகியவை பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. இவை இல்லாமல் மற்ற எதுவும் பயன்படாது.

செய்தியைப் பரப்பும் முறைக்கு நம்மிடமே தொன்மையான முன்மாதிரி இருக்கிறது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, அரசனின் புகழோடு நின்றுவிடாமல், அவனிடம் செல்லும் வழியில் எந்த நிலம் வரும், அங்கு யார் வாழ்கிறார்கள், அவர்கள் என்ன உணவு தருவார்கள் என்பதையெல்லாம் பாணனுக்கு விரித்துச் சொல்கிறது. இன்றைய இணையப் பக்கமும் அப்படித்தான் அமைய வேண்டும். "பாரம்பரியம் மிக்க நகரம்" என்று தொடங்கும் பத்திகளை நீக்கிவிட்டு, செங்கல்பட்டு வழியாக இரயிலில் எப்படி வருவது, எந்தக் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு தூரம், மதியம் எங்கே உண்பது என்பதை எழுதுங்கள். கூகுள் வரைபடத்தில் ஒவ்வொரு கோயிலின் நேரமும் சரியாக உள்ளதா என்று மாதம் ஒருமுறை பார்த்துத் திருத்தும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். செலவு ஏதுமில்லாத இந்தப் பணி, செலவு மிக்க பல விளம்பரங்களைவிட அதிகம் பேரை ஏமாற்றத்திலிருந்து காப்பாற்றும்.

இரவு தங்குபவருக்கு மறுநாள் காலை எங்கே செல்வது என்பதையும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். இரண்டாம் நாளைப் பற்றிய ஆவல்தான் அறையை எடுக்கவைக்கிறது. விடியலில் கயிலாசநாதர் கோயிலின் மணற்கற் சிற்பங்கள் மீது சாய்வாக விழும் ஒளியில் படம் எடுக்க விரும்புவோருக்கு அதுவே போதுமான காரணம். அங்கிருந்து திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலுக்குச் சென்றால், விசயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாற்று ஓவியங்களைக் காணலாம். பின்னர் சுமார் 30 கிலோமீட்டரில் உத்திரமேரூர். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், ஊராட்சிக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதிகள் அங்கே கோயில் சுவரில் உள்ளன. முன்பு பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது என்ற விதியைப் படித்துக் காட்டும் வழிகாட்டி ஒருவர் இருந்தால், பள்ளி மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்கள் வேறு பாடம் தேட வேண்டியதில்லை.

இவ்வளவையும் ஒரே நேரத்தில் தொடங்குவது இயலாது, தொடங்கவும் கூடாது. வெயில் தணிந்த மார்கழி, தை மாதங்களை முன்னிட்டு, பத்துக்கும் குறையாத விடுதிகள், ஐந்தாறு தறிவீடுகள், பயிற்சி பெற்ற சில வழிகாட்டிகள், ஓர் உணவுக்கூடம் என்ற அளவில் முதல் பருவத்தை நடத்துங்கள். பருவம் முடிந்ததும், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, எத்தனை அறைகள் இரவு நிரம்பின, தறிவீடுகளுக்கு எவ்வளவு தொகை நேரடியாகச் சென்றது, தங்கியவருள் எத்தனை பேர் வைகுந்தப் பெருமாள் கோயிலையும் பார்த்தார்கள் என்ற மூன்று கணக்குகளை மட்டும் எடுங்கள். இம்மூன்றில் எது தேங்கி நிற்கிறதோ, அடுத்த பருவத்தின் பணத்தையும் உழைப்பையும் அங்கே செலுத்துங்கள்.