தகரம் பறக்காம பாத்துக்க

மலேசியாவுல எங்க பந்திங் பக்கம் விடிகாலையில சுமாத்திரா காத்து (சுமாத்திரா தீவுப் பக்கமிருந்து திடீர்னு வர்ற பலத்த காத்து) வந்தா லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) கொல்லையில சாத்தி வச்ச தகரம்தான் முதல்ல கிளம்பும். 0.4 மில்லிமீட்டர் தகரம் சதுர மீட்டருக்கு 3 கிலோ சொச்சம்தான், 60 கிலோமீட்டர் வேகக் காத்து நேரா மோதுனா 17 கிலோ கணக்கா தள்ளும், வேகம் டபுளானா நாலு மடங்கு லா.

அதனால சாத்தாதீங்க, தரையோட படுக்கப் போட்டு மூலைக்கு மூலை கல்லு வைங்க, நடுவுல மட்டும் பழைய டயர் வச்சா பிரயோஜனமில்ல, ஓரத்துல விரல் நுழையுற சந்து இருந்தாலே காத்து அடியில பூந்து றெக்கை மாதிரி தூக்கிடும், சுழல ஆரம்பிச்சா இன்னும் தூரம் போகும். எங்க கோழிக்கூண்டு தகரம் அப்படித்தான் செம்பனை மட்டையில போய் சொருகிக்கிச்சு.

கூரைன்னா ஓரம், மூலை ஆணிய முதல்ல பாருங்க, காத்து உறிஞ்சுறது அங்கதான் அதிகம். ஆடுற ஆணிய திரும்ப அடிக்காம ரப்பர் வாஷர் ஸ்க்ரூ போடுங்க.